ஈசாக்கு எழுதிய அத்தியாயம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அதே கல்லூரியில் தமிழ் நடத்தும் ஷோபனா மதியச் சாப்பாடு முடிந்ததும் நூலகத்துக்கு வருவாள். ஃபேனுக்கு நேர் கீழே உள்ள மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். ஒரு நாள் கட்டைப் பிரிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். சொன்னாள். ஒரே நாளில் இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க, துண்டு துண்டாக, சில இடங்களில் முன்னுக்குப் பின் முரணாக. எனக்குக் கதை எழுதும் பழக்கம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். எழுதுங்கள் என்று அவள் சொல்லவில்லை. எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நான் ஆரம்பித்துவிட்டேன்.

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

"1864ஆம் ஆண்டு, பூந்தமல்லியில், பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவருக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. தெபோராள் அமிர்தம் என்று பெயர் வைத்தார்கள். வெளியே குதிரைகளின் குளம்பொலி..."

அடித்துவிட்டேன். குளம்பொலியை நான் சினிமாவில்தான் கேட்டிருக்கிறேன். தெபோராளைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவை அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். மிஷன் பள்ளியில் படித்தாள். பத்தொன்பது வயதில் ஈசாக்கு என்ற உபதேசியாரைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகன். 'அன்னபாக்கியம் சரித்திரம்' என்று ஒரே ஒரு நாவல் எழுதினாள். அது 1895இல் அச்சாகி வந்தது. அட்டையில் அவள் பெயர் இல்லை. 'ஒரு கிறிஸ்தவ ஸ்திரீ இயற்றியது' என்று மட்டும் இருந்தது. புத்தகம் வந்த மூன்றாம் மாதம், முப்பத்தொன்றாவது வயதில், காசநோயில் இறந்தாள்.

அந்த நாவலில் அன்னபாக்கியம் என்ற பெண்ணைக் குழந்தை இல்லை என்று கணவன் துரத்திவிடுகிறான். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிறாள். இருபத்தோரு அத்தியாயங்கள் வரை தலை நிமிர்ந்து நடக்கிறாள். இருபத்திரண்டில், காய்ச்சலோடு திரும்பி வரும் கணவனின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, அவனுக்குப் பணிவிடை செய்து, அந்தக் காய்ச்சல் தனக்குத் தொற்றிச் செத்துப்போகிறாள்.

ஷோபனா முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த நாவலைத்தான். எட்டு வருடமாக முடியவில்லை. அவளுடைய வழிகாட்டி சிவராமன் கேட்ட ஒரே கேள்வி இது: "இவ்வளவு தைரியமா எழுதிட்டு வந்தவ, கடைசி அத்தியாயத்துல மட்டும் ஏம்மா இப்படி எழுதினா?"

அதற்குப் பதில் திருநின்றவூரில் ஒரு குக்கர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

2

(இரண்டாவது ஆரம்பம். இதை அடிக்கவில்லை.)

பூந்தமல்லியில் ஒரு சபையின் அடக்கப் பதிவேட்டில் தெபோராளின் பெயரைக் கண்டுபிடித்து, அங்கிருந்து குடும்பத்தின் கிளைகளைப் பிடித்துக்கொண்டே போய், ஷோபனா கடைசியில் வந்து நின்றது ஆக்னஸ் என்ற எழுபத்தொரு வயது அம்மாவின் வாசலில். தெபோராளின் மகனுக்குப் பேத்தி. புருஷன் ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தார்கள். அவர் ரிட்டையர் ஆகிப் போய்ச் சேர்ந்த பிறகு, திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் ஆக்னஸ் தனியாக இருந்தார். ஒரே மகன் கிரண் அம்பத்தூரில் ஃப்ளாட் வாங்கிக் கூப்பிட்டும் போகவில்லை.

"இன்னா டீச்சரு, ஊடு கண்டுபுடிக்க கஷ்டமா பூட்ச்சா?" என்றுதான் முதல் நாளே வரவேற்றார். ஷோபனாவுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு ஏழெட்டு மாதம், சனிக்கிழமை தோறும், ஷோபனா அம்பத்தூரில் ரயில் ஏறி திருநின்றவூரில் இறங்கினாள். ஆக்னஸ் சங்கரா மீன் குழம்பு வைத்திருப்பார். சாப்பிட்டு முடித்ததும் அட்டைப்பெட்டி வெளியே வரும். ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுகள், ரேஷன் கார்டின் பழைய நகல்கள், இவற்றுக்கு நடுவே துணியில் சுற்றிய பதினைந்து கடிதங்கள். தெபோராள் தன் அக்காவுக்கு எழுதியவை. தெபோராள் இறந்ததும் பையனை வளர்த்தது அந்த அக்காதான். கடிதங்கள் அவன் வழியாக இறங்கி வந்திருந்தன. நான்கு தலைமுறையாக யாரும் படித்ததில்லை. எழுத்து அப்படி. புள்ளி கிடையாது, ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் கிடையாது, மை பழுப்பேறி, மடிப்பில் தாள் உதிர்ந்தது. ஷோபனா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஆக்னஸ் கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு கடிதத்துக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

முதல் மூன்றில் விசேஷமாக ஒன்றும் இல்லை. குழந்தைக்கு மாந்தம், கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, அக்கா அனுப்பிய சேலைக்கு வந்தனம்.

நான்காவது கடிதம்:

"அக்காளுக்குத் தோத்திரம். புஸ்தகம் நேற்று அச்சுக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்தது. அட்டைக் கட்டு நேர்த்தியாயிருக்கிறது. கடைசி அத்தியாயம் மாத்திரம் என்னுடையதல்ல. நான் சுரமாய்க் கிடந்த பத்து நாளில் அவர் அதை எடுத்து வேறாக எழுதி அனுப்பிவிட்டார். என் அன்னபாக்கியம் சாகவில்லை அக்கா. அவன் வந்து வாசலில் நின்று கூப்பிட்டபோது, வேலை முடியட்டும், உட்காரும் என்றாள். அப்படித்தான் நான் எழுதினேன். அதற்கு மேல் நடந்ததை அடுத்த கடிதத்தில் உனக்கு எழுதி வைக்கிறேன், நீயாவது அறிந்திரு. அவர்மேல் கோபமில்லை. வாசிக்கிற பெண்டுகள் கெட்டுப்போவார்களென்று பயந்தார். ஆனாலும் நான் வளர்த்த பிள்ளையை என்னைக் கேளாமல் அடக்கம் பண்ணிவிட்டார்."

ஷோபனா வாசித்து முடித்தபோது ஆக்னஸ் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னான்னா? இன்னொரு தபா படி."

"'வேலை முடியட்டும், உட்காரும்.'"

ஆக்னஸ் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அப்டியா சொன்னா! உட்காருன்னாளா!" பிறகு சிரிப்பு நின்றது. வேறு ஏதோ சொன்னார்.

"எனக்கும் எழுவத்தி மூணுல நர்ஸ் ட்ரெய்னிங்குக்கு ஆர்டரு வந்துச்சு டீச்சரு. எங்க ஊட்டுக்காரரு அத மடிச்சி பொட்டியில வச்சிட்டாரு. கடைசி தேதி போனப்புறம்தான் காட்னாரு. நல்ல மனுசன்தான். அடிச்சதில்ல, திட்னதில்ல. பயந்துட்டேன்னாரு."

* ஷோபனாவின் ஆய்வுக் குறிப்பேட்டை நான் பார்த்திருக்கிறேன். அன்றைய தேதியில் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் இருக்கிறது. ஆக்னஸின் நர்ஸ் ட்ரெய்னிங் இல்லை. "ஆராய்ச்சிக்குத் தேவையில்லைன்னு விட்டுட்டேன்" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு, அன்று மீதி விடைத்தாள்களைத் திருத்தாமலே எழுந்து போனாள்.

3

இங்கே ஈசாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அவரை வில்லனாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு பத்தி எழுதினேன்: "அவர் விளக்கின் கீழ் உட்கார்ந்து, பொறாமையில் கை நடுங்க..." இல்லை. கை நடுங்கியது எனக்கெப்படித் தெரியும்?

தெரிந்தது இதுதான். மனைவி இறந்த மூன்றாம் வருஷம் அவர் ஒரு சிறு சபையை ஆரம்பித்தார். அது இன்றைக்கும் இருக்கிறது. காலராவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளின் வாரிசுகள்தான் இன்றைக்கு அந்தச் சபை. ஆலயத்தின் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே, நான்கு தலைமுறையாக, அவருடைய குடும்பம் உட்காரும் பெஞ்சு. அங்கேதான் ஆக்னஸ் பிறந்ததிலிருந்து உட்கார்ந்தார். திருநின்றவூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் உட்கார்ந்தார். ஆகஸ்டில் சபைக்கு நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழா வர இருந்தது.

"இத வெளிய சொல்லாத டீச்சரு" என்றார் ஆக்னஸ். "அத்தினி பேரும் அவரு பேரச் சொல்லிகினு கீறாங்க. நான் இருக்கற வரிக்கும் வேணாம். நான் கண்ண மூடிட்டா, அப்பால உன் இஷ்டம்."

"சொல்ல மாட்டேன்மா" என்றாள் ஷோபனா.

ஆக்னஸ் டீ போட உள்ளே போனார். ஷோபனா செல்போனில் கடிதத்தைப் படம் எடுத்தாள்.

(வாக்குக் கொடுத்த பிறகா, அதற்கு முன்பா? மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, "முன்னாடியே எடுத்துட்டேன்" என்றாள். அடுத்த தடவை, "ஞாபகம் இல்லை." மூன்றாவது தடவை பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்தப் பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.)

4

இந்த இடத்தில் ஷோபனாவுக்காக வாதாட எனக்கு ஆசை. ஒன்பதாண்டுகள் தொகுப்பூதியத்தில் வேலை. ஒவ்வொரு ஜூனிலும், அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று துறைத்தலைவர் முகத்தைப் பார்த்து நிற்பது. ஆய்வைச் சமர்ப்பிக்க இனி நீட்டிப்பு இல்லை என்று கடிதம் வந்திருந்தது. சிவராமன் போனில், "புதுசா ஒரு ஆதாரமும் இல்லாம இதை நான் எப்படிம்மா அனுப்பறது?" என்றார். அவள் போனிலிருந்த படத்தை அனுப்பினாள். அவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "ஏம்மா, இதைக் கையில வச்சிக்கிட்டா சும்மா இருந்தே?"

ஆய்வேட்டில் மட்டும் போடுவதாகத்தான் நினைத்தாள். யார் படிக்கப்போகிறார்கள்? சிவராமன் கேட்டார் என்று ஒரு கருத்தரங்கில் வாசித்தாள். கருத்தரங்குக்கு வந்திருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். 'மனைவியின் நாவலைக் கொன்ற கணவர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஈசாக்கு பெயர், சபையின் பெயர், 'அவருடைய வாரிசான ஆக்னஸ் அம்மையார் பாதுகாத்த கடிதம்' எல்லாம் அச்சில் வந்திருந்தன. அன்று காலை ஆராதனைக்குப் போனவர்கள் பேப்பரோடு போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஷோபனா போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. மே மாதம் ஒரு நாள் துணிந்து போனாள். வெயில் நேரம். கேட்டைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. ஜன்னல் கதவு பாதி திறந்தது.

"யாரு? டீச்சரா."

"அம்மா, நான்..."

"எனக்கு ஒடம்பு நல்லால்ல டீச்சரு. அப்புறம் வா."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அங்கேயே நின்று அழுதிருப்பேன் என்றாள் ஷோபனா. அவள் ஸ்டேஷனுக்கு நடந்தாள். 'அப்புறம் வா' என்றால் இனி வராதே என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. இதையும் அவளேதான் சொன்னாள்.

பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வேலை நிரந்தரமாயிற்று. நியமன உத்தரவைக் கையில் வாங்கியபோது, யாரிடம் சொல்லலாம் என்று யோசித்ததில் முதலில் வந்த முகம் ஆக்னஸினுடையது. அந்தச் சனிக்கிழமை அம்பத்தூரில் ரயில் ஏறினாள். ஜன்னலில் அந்தக் குரலைக் கேட்டுப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

5

வீட்டுக் கொடியில் யாரோ பள்ளிக்கூடச் சீருடைகளைக் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் குழாயடியில் நின்ற அம்மாள்தான் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கன்னியம்மா என்று பெயர். சனிக்கிழமைகளில் பார்த்த முகம்.

"நீ அந்த காலேஜு டீச்சரு தானே? ஆக்னஸக்கா பூட்டாங்களேம்மா. ரெண்டு மாசம் ஆவுது. ஒனக்குத் தெரியாதா?"

ஷோபனா கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னத்தான் கேட்டுகினே இருந்தாங்க. டீச்சரு வந்தாளா, டீச்சரு வந்தாளான்னு. நான் ஒரு தபா சொன்னேன், போன் பண்ணி வரச்சொல்லுக்கான்னு. அவளே வரட்டும்ன்னாங்க."

கிரணின் நம்பரைக் கன்னியம்மாதான் கொடுத்தார். மறுநாளே அம்பத்தூரில் கிரணின் ஃப்ளாட்டுக்குப் போனாள். தன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிரண் திட்டவில்லை. உட்காரச் சொன்னான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் சொன்னதை, ஷோபனா என்னிடம் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

"பேப்பர்ல வந்தப்புறம் சபைக் கமிட்டில அம்மாவைக் கூப்பிட்டாங்க மேடம். விழா வருது, கவர்னர் வர்றாரோ யாரோ வர்றாங்கன்னு பேச்சு. 'அந்த லெட்டர் எங்க குடும்பத்துது இல்ல, யாரோ எழுதினது'ன்னு நீங்க எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்ன்னாங்க. அம்மா சரின்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"'லெட்டரு நெஜம்தான். எங்க கொள்ளுப்பாட்டி கையெழுத்துதான். வெளிய வரக்கூடாதுன்னு நெனச்சேன், வந்துடுச்சு. அதுக்காவ ஆலயத்துல நின்னுகினு பொய் சொல்ல மாட்டேன்.' அவ்ளோதான். உட்கார்ந்துட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா அடுத்த வாரம் அந்த பெஞ்சுல வேற குடும்பம் உட்கார்ந்திருந்துச்சு. அம்மா பின்னாடி நின்னு பார்த்தாங்க. திரும்பி வந்துட்டாங்க. அதுக்கப்புறம் திருநின்றவூர்லயே ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போனாங்க. விழாவுக்குப் போகல."

ஷோபனா கடிதங்களைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. கிரணே சொன்னான்.

"நீங்க படிச்சது போக மீதி லெட்டருங்க, பதினொண்ணோ என்னவோ. அம்மா சொல்லியிருந்தாங்க, 'டீச்சரு வருவா, வந்தா அவகிட்ட குடு. நாப்பதாம் நாள் ஜெபத்துக்குள்ள வரலன்னா சபைக்குக் குடுத்துடு, அது அவங்களதும்தான்'னு. உங்க நம்பர் எங்கிட்ட இல்ல மேடம். அம்மா போன் லாக். எப்படியும் வருவீங்கன்னு பார்த்தேன். நாப்பது நாள் பார்த்தேன். வீட்டைக் காலி பண்ற அன்னிக்குப் பெட்டியோட கொண்டுபோய் ஆபீஸ்ல குடுத்துட்டேன்."

நாற்பதாம் நாள் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

6

சபை அலுவலகத்துக்கு ஷோபனா நான்கு முறை போனாள். செயலர் மரியாதையாகப் பேசினார். பீரோவைத் திறந்து காட்டினார். குக்கர் பெட்டி எதுவும் வந்ததாகப் பதிவு இல்லை. வாங்கிவைத்த உதவியாளர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாராம். கரையான் அரித்த மேசைகளை அந்த மாதம்தான் வெளியே போட்டார்களாம். அவர் பொய் சொன்னார் என்று எழுத எனக்கு ஆதாரமில்லை. மெய் சொன்னார் என்று எழுதவும் இல்லை.

ஆகவே, வாசலில் வந்து நின்ற கணவனிடம் 'வேலை முடியட்டும், உட்காரும்' என்ற அன்னபாக்கியம் அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்பது, ஷோபனா இன்னும் வாசித்திராத ஐந்தாவது கடிதத்தோடு போயிற்று. ஜன்னலில் அந்தக் குரல் கேட்ட பிறகு ஷோபனா இன்னும் ஒரே ஒரு தடவை போய்க் கதவைத் தட்டியிருந்தால்...

இந்த வாக்கியத்தை அவள் முடித்ததில்லை. நானும் முடிக்கவில்லை.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அந்த உதவியாளர் ஒரு நாள் பெட்டியோடு கல்லூரி வாசலில் வந்து நிற்கிறார். (எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. படித்துப் பார்த்தால் வெட்கமாக இருந்தது.)

முடிவு ஆ: ஷோபனா வேலையை விட்டுவிடுகிறாள். (விடவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டாமாண்டு மாணவிகளுக்கு அவளைப் பிடிக்கும்.)

முடிவு இ: அன்னபாக்கியத்துக்கு நானே ஒரு இருபத்திரண்டாம் அத்தியாயம் எழுதினேன். நாலு பக்கம். நன்றாகத்தான் வந்தது. அவள் வேலையை முடித்துவிட்டு வெளியே வருகிறாள், அவன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டிருக்கிறான், அவள் அவனை எழுப்பாமல்... அதற்குள், நான் யாருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று உறைத்தது. நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷம் ஒரு பதிப்பகம் 'அன்னபாக்கியம் சரித்திரத்தை' மறுபடி அச்சிட முன்வந்தது. பதிப்பாசிரியர் ஷோபனா. முதல் தடவையாக அட்டையில் தெபோராள் அமிர்தம் என்ற பெயர் வரும். இருபத்தோராம் அத்தியாயத்தோடு நாவல் நின்றுவிட வேண்டும், அதன் பின் ஒரு வெற்றுப் பக்கம், இருபத்திரண்டாவது அத்தியாயம் பின்னிணைப்பாக, 'எழுதியவர்: ஈசாக்கு' என்று அவருடைய பெயரோடு வர வேண்டும் என்று அவள் கேட்டாள். பதிப்பகம் ஒத்துக்கொண்டது. முன்னுரையில் நான்காவது கடிதத்தை முழுதாகப் போட வேண்டும் என்றது பதிப்பகம். அது ஏற்கெனவே வெளிவந்ததுதானே, இனி யாரைக் கேட்க வேண்டும் என்றார்கள். சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஷோபனா முன்னுரையை அச்செடுத்துக்கொண்டு கிரணின் ஃப்ளாட்டுக்கு நடந்து போனாள். அதில் ஒரு பத்தி புதிது. எழுபத்து மூன்றில் ஒரு பெண்ணுக்கு வந்த நர்ஸ் ட்ரெய்னிங் உத்தரவைப் பற்றியது. கிரணுக்கு அது தெரியாது. அவன் அப்பா செய்தது அது.

மேசையின்மேல் தாள்களை வைத்தாள். "படிச்சுப் பாருங்க. நீங்க சரின்னாதான் போடுவேன். வேண்டாம்னா ஒரு வரிகூட வராது. கடிதமும் வராது, இதுவும் வராது."

கிரண் படித்தான். அந்தப் பத்திக்கு வந்தபோது நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து படித்தான். உள்ளே குக்கர் விசில் வந்தது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். தாள்களைத் தட்டி அடுக்கி வைத்துவிட்டு, அவன் ஷோபனாவைப் பார்த்துப் பதில் சொன்னான்.

என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மதியம், அதே ஃபேனுக்குக் கீழே, ஷோபனா சொன்னாள். அப்போதுதான் என் கைப்பையிலிருந்து இந்தத் தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், வெளியிடலாமா, அவன் சொன்ன பதிலையும் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

அவள் எல்லாவற்றையும் படித்தாள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். வகுப்புக்கு மணி அடித்தது. எழுந்தாள்.

"கதைக்கு சரி" என்றாள். "அவர் சொன்ன பதிலுக்கு அவரைத்தான் கேக்கணும்."

கிரணை எனக்குத் தெரியாது. வருகிற சனிக்கிழமை அம்பத்தூருக்குப் போய்க் கேட்கப் போகிறேன். அவன் வேண்டாம் என்று சொன்னால் இந்தக் கதை இந்த வரியோடு நிற்கும்.